அக்காவின் நாடும் என் நாடும்

பாப்பா,

உன் பெட்டி நடுவீட்டில் திறந்து கிடக்கிறது. இன்னும் ஒன்பது நாளில் மதுரையில் விமானம் ஏறி, ஒரு தூக்கம் போடுவதற்குள் கொழும்பில் இறங்கிவிடுவாய். அதே தூரத்தை எதிர்ப்பக்கமாகக் கடந்து இந்த மலைக்கு வந்து சேர, பன்னிரண்டு வயதில் எனக்கு ரயிலும் கப்பலும் முகாமுமாக மூன்று மாதம் ஆனது. இதைக்கூட நான் பொறாமையோடுதான் எழுதுகிறேன் என்பது உனக்குத் தெரியும். என் பேச்சின் ஓரத்தில் அது எப்போதும் இருக்கும். நீயும் சிரித்துக்கொண்டே "அம்மா ஆரம்பிச்சிட்டாங்க" என்பாய். நேரில் சொல்லலாம் என்று நாலு நாளாகப் பார்க்கிறேன். நீ துணி மடிக்கிறாய், நான் ஊறுகாய் பாட்டிலுக்கு மூடி தேடுகிறேன், வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு உன்னோடு வைத்துக்கொண்டாலும் சரி, நம்மைப் போல் அங்கிருந்து வந்த நாலு குடும்பத்துக்குக் காட்டினாலும் சரி. மறைத்து வைத்தது போதும்.

பொங்கல் லீவில் நீ வந்திருந்தபோது அடுப்படியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திருப்பி எனக்கு ஒரு படம் காட்டினாய். இரண்டு கோடுகள். அங்கன்வாடியில் முப்பது வருஷமாகக் குழந்தைகளை எடை பார்த்து, அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தவள் நான். ஏறுகிற கோடு எது, படுத்துவிட்ட கோடு எது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். "ஒரு நாட்டு ஆளுங்க எல்லாரும் ஒரு வருசத்துல சம்பாதிச்சத மொத்தமாக் கூட்டி, ஆளுக்கு இவ்வளவுன்னு வகுத்தா வர்றதும்மா இது. இந்தா, கீழ போறது இந்தியா. மேல போறது இலங்கை. இது ரெண்டையும் வச்சு ஆராய்ச்சி பண்ணத்தான் என்னய அங்க கூப்பிட்டிருக்காங்க" என்றாய். நான் கப்பல் ஏறிய வருஷம் எங்கே என்று கேட்டேன். விரல் வைத்துக் காட்டினாய். அந்த இடத்தில் இரண்டு கோடும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. அப்புறம் இலங்கைக் கோடு மெல்ல விலகி மேலே போனது. சண்டை முடிந்த பிறகு விறுவிறுவென்று ஏறியது. நம்முடையதும் ஏறத்தான் செய்தது, ஆனால் ஒரு வருஷம்கூட அதைத் தொடவில்லை. கடைசிப் பக்கத்தில் அந்த மேல் கோடு திடீரென்று மடங்கியது. "இது அந்தத் தட்டுப்பாட்டு வருசம்" என்றாய்.

அந்த மடிப்பைப் பார்த்ததும் என் நெஞ்சுக்குள் ஏதோ குளிர்ந்தது. நீ கவனிக்கவில்லை. "அப்ப நாம அவங்களுக்கு மேல வந்துட்டமா?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். "இல்லம்மா. மடங்கியும் இன்னும் நமக்கு மேலதான் இருக்கு." உலை பொங்குகிறது என்று சொல்லித் திரும்பிக்கொண்டேன். விழுந்த பிறகும் அவள் எனக்கு மேலே. நீ ஒரு நாட்டைச் சொன்னாய், எனக்குக் கேட்டது என் அக்கா. கொஞ்ச நேரம் கழித்து, "இதுல பெரியம்மா எங்க இருக்கா, நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டேன். "இது சராசரிம்மா. தோட்டத்து ஆளுங்க அங்க எப்பவும் இந்தக் கோட்டுக்கு ரொம்பக் கீழ. நாமளும் இங்க அப்படித்தான். நீங்க ரெண்டு பேரும் ஒரே எடத்துலகூட இருந்திருக்கலாம்" என்றாய். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. வாழ்நாள் முழுக்க ஒருத்தியை அண்ணாந்து பார்த்து எரிந்தவளிடம், அவள் அங்கே நிற்கவே இல்லை என்று சொன்னால் எப்படிப் பிடிக்கும்?

உனக்குப் பெரியம்மாவை ஒரே ஒரு தடவை பார்த்த நினைவும், போனில் கேட்ட குரலும்தான். எனக்கு அவள் ஏழு வயது மூத்தவள். நாங்கள் இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். யார் அங்கே இருப்பது, யார் இந்தியாவுக்குப் போவது என்று இரண்டு அரசாங்கங்களும் பேசி முடித்திருந்த காலம் அது. என் அப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அக்கா அதற்குள் கல்யாணம் கட்டிவிட்டாள். அவள் கட்டிய அத்தானின் குடும்பத்துக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்துவிட்டதால் எங்கள் பட்டியலிலிருந்து அவள் பெயர் அடிபட்டுப் போனது. ரயில் நிலையத்தில் அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் ஜன்னலில் தலையை நீட்டி, "நாங்க இந்தியா போறோம், எங்களுக்கு நெலமெல்லாம் குடுப்பாங்க, நீ இங்கயே கெட" என்றேன். பாப்பா, என் வாழ்க்கையில் அவளைவிட நான் மேலே இருந்ததாக நினைத்தது அந்த ஒரு நாள்தான். ரயில் கிளம்பும்வரை அது நீடித்தது.

மண்டபம் முகாமிலிருந்து எங்களைக் கொடைக்கானல் மலைக்கு அனுப்பினார்கள். தேயிலையில் வேலை செய்தவர்களுக்கு மலை சரிப்படும் என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். இங்கே தேயிலை இல்லை. காட்டுக்குள் வாட்டில் மரம் வெட்டிப் பட்டை உரிக்கிற வேலை. பிளாஸ்டிக் தாள் போட்ட குடிசை. குளிரை நாங்கள் அங்கேயே பார்த்தவர்கள்தான், ஆனால் அங்கே லயம் என்கிற தோட்டத்து வரிசைவீட்டுக்குச் சுவர் இருந்தது. அக்காவின் கடிதங்கள் அந்தக் குடிசைக்கு வந்தன. வீட்டில் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால் சத்தம் போட்டு வாசிப்பதும் என் வேலை. வந்த இரண்டாம் வருஷம் என் தம்பிக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கண்டது. அவனுக்கு இரண்டு வயது. அப்பா அவனைக் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு விடியும்முன் டவுனுக்கு நடந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது தோளில் பாரம் மட்டும்தான் இருந்தது.

அந்த மாதமே அக்காவின் கடிதம் வந்தது. அவளுக்குப் பெண் பிறந்திருக்கிறாள். வலி எடுத்ததும் தோட்டத்து லொறியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நர்ஸம்மா வீட்டுக்கே வந்து குழந்தையைப் பார்த்துவிட்டுப் போகிறார், ஊசியெல்லாம் போட்டாகிவிட்டது. தம்பி எப்படி இருக்கிறான், நன்றாகப் பேசுகிறானா என்று கடைசியில் கேட்டிருந்தாள். எங்கள் கடிதம் அவளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. நான் அந்தக் கடைசி வரியை விட்டுவிட்டு வாசித்தேன். என் அம்மா, "அங்கயே இருந்திருந்தா பய பொழச்சிருப்பான்" என்றார். அப்பா எழுந்து மரம் அறுக்கப் போய்விட்டார். அவர் சாகும்வரை அந்த வார்த்தைக்குப் பதில் சொல்லவில்லை. நீ இப்போது புள்ளி வைத்துக் கோடு இழுக்கிறாயே, அதை அன்றைக்கே என் அம்மா இழுத்துவிட்டார். என் பொறாமை பிறந்தது அந்த இடத்தில். அக்கா மேல் எனக்கு வெறுப்பு இல்லை. அவள் பிள்ளை உயிரோடு இருந்தது, எங்கள் பிள்ளை இல்லை. அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவு என்னை விட்டுப் போகவே இல்லை.

நடுவில் சில காலம் பொறாமை இல்லாமலும் இருந்தேன் என்று சொல்ல வேண்டும். அங்கே கலவரம் நடந்து, தமிழ் வீடுகளைத் தேடி எரிக்கிறார்கள் என்று ரேடியோவில் கேட்டபோது ஆறு மாதம் அக்காவிடமிருந்து எழுத்து வரவில்லை. அப்போது எனக்குப் பயம் மட்டும்தான். தபால்காரர் வரும் வளைவில் போய் நிற்பேன். கடிதம் வந்தது. இரண்டு இரவு தேயிலைச் செடிக்குள் படுத்திருந்தோம், இப்போது வேலைக்குப் போகிறோம் என்று எழுதியிருந்தாள். எனக்கு அழுகை வந்தது. அதே கடிதத்தின் பின்பக்கத்தில், மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டேன், புத்தகமெல்லாம் சும்மாவே கொடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாள். அதை வாசிக்கும்போதே கண்ணீர் நின்றுவிட்டது. என் மனசு இப்படித்தான் வேலை செய்யும் பாப்பா. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

உனக்கு ஏழு வயது இருக்கும்போது அவர்கள் வந்தார்கள். பழனிக்கு வேண்டுதல். அத்தான் மொட்டைத் தலையில் சந்தனம் பூசி அடிவாரத்தில் நின்றார். உன் அப்பாவும் நானும் போய் அவர்களைப் பஸ்ஸில் மலைக்குக் கூட்டி வந்தோம். அக்கா பையைத் திறந்தாள். பால்மா, சோப்பு, சாக்லேட், எனக்கு ஒரு சேலை, உனக்கு மஞ்சள் பூப்போட்ட குடை. நான் வரக்காப்பி போட்டு வைத்திருந்தேன். அவள் இயல்பாக எழுந்து, "தேத்தண்ணி நான் ஊத்துறேன், நீ இரு" என்று என் அடுப்பில் தண்ணீர் வைத்து, பால்மாவைக் கரைத்து எல்லோருக்கும் கொடுத்தாள். உன் அப்பா, "ஏத்தா, இது நம்ம பாலவிட ருசியா இருக்குல்ல" என்றார். பிறகு கக்கூஸ் எங்கே என்று கேட்டாள். நான் கையை நீட்டிக் காட்டிய திசையில் காடுதான் இருந்தது. "இன்னும் வெளியிலயா போறீங்க?" என்றாள். அவள் குரலில் இளக்காரம் இருந்ததாக அன்றைக்கு நினைத்தேன். இப்போது யோசித்தால் அது வெறும் கேள்விதான். உள்ளூர்க்காரியாக இருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது, எங்களுக்குள் அவ்வளவு தூரம் விழுந்திருந்தது.

நீ இரண்டு நாளும் அவள் மடியை விட்டு இறங்கவில்லை. அத்தானையும் உனக்குப் பிடித்துவிட்டது. அவர் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர். தேயிலைச் செடியைக் கத்தியால் தட்டி மட்டம் பண்ணுகிற வேலை. வலது கையை ஒரு தடவை வீசினால் மறு தடவை வீச வேண்டியதில்லை. நம் வீட்டுப் பேரிமரம் காய்க்காமல் நின்றதைப் பார்த்துவிட்டு, ஒரு காலை நேரத்தில் அதைக் கழித்துவிட்டுப் போனார். அடுத்த வருஷம் மரம் தாங்காமல் காய்த்தது. கிளம்புகிற நாள் நீ அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "நான் பெரியம்மா கூடப் போறேன், அங்க நல்லா இருக்கும்" என்றாய். நான் உன்னை அறைந்தேன். அதுவரை உன் மேல் கை வைத்ததில்லை. ஏன் அடித்தேன் என்று பிறகு ஒருநாள் கேட்டாய், நீ அடம் பிடித்தாய் என்றேன். அது பொய். அந்தக் குடையும் தொலைந்துபோகவில்லை. அடுத்த வாரமே அங்கன்வாடியில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன். நீ நம் ஊர் அட்டுவம்பட்டி முழுக்கத் தேடி அலைந்தாய். நானும் உன்னோடு சேர்ந்து தேடினேன்.

அதற்குப் பிறகு உன் படிப்புதான் எனக்குக் கருவி. "பெரியம்மா மக அங்க டீச்சராயிட்டா, நீ இங்க கணக்குல கோட்டை விட்டுட்டு நிக்கிற" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். எல்லாவற்றையும் இன்னொன்றோடு வைத்துப் பார்க்கிற வீட்டில் வளர்ந்தாய். இப்போது அதுவே உன் சோலி ஆகிவிட்டது. நீ நாடுகளை வைத்துப் பார், அதில் தப்பில்லை. நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அதை யார் பிள்ளையோடும் வைத்துப் பார்க்காதே. என்னால் முடியாததைத்தான் சொல்கிறேன்.

இனி சொல்லப்போவதற்காகத்தான் இந்தக் கடிதம்.

தட்டுப்பாட்டு வருஷம் நீ டெல்லியில் இருந்தாய். டிவியில் அங்கே மண்ணெண்ணெய்க்கும் கேஸுக்கும் ஆட்கள் தெருவில் படுத்துக் கிடப்பதைக் காட்டுவார்கள். நான் வேலை விட்டு வெள்ளனே வந்து அதைப் பார்ப்பேன். பாவம் என்று வாய் சொல்லும். கண் டிவியை விட்டு நகராது. ஒரு மாலை அக்கா போன் செய்தாள். மழை பெய்கிறதா, முழங்கால் வலி எப்படி என்று கேட்டாள். "சாமானெல்லாம் கெடைக்குதாக்கா?" என்றேன். "வரிசையில நின்னா கெடைக்கும் தங்கச்சி" என்றாள். "பால்மாகூட இல்லையாமே?" என்றேன். "வரும்டி, வரும்" என்றாள். அவள் எதற்குப் போன் செய்தாள் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்துகொண்டுதான், "சரிக்கா, வேற என்ன விசேஷம்?" என்றேன். அவள் ஊர்க்கதை ஏதோ கதைத்தாள். மறுபடியும், "வேற என்னக்கா?" என்றேன்.

"அத்தானுக்குப் பிரஷர் மாத்திர எங்கயும் இல்ல தங்கச்சி. ஆஸ்பத்திரியிலயும் முடிஞ்சிட்டாம். அங்கயிருந்து யாராச்சும் இந்தப் பக்கம் வந்தா... ஒனக்குக் கஷ்டம் இல்லன்னா..."

"என்னக்கா, சத்தம் கேக்கல. இன்னொருவாட்டி சொல்லு" என்றேன்.

சத்தம் நன்றாகக் கேட்டது. அவள் இன்னொரு தடவை முழுக்கச் சொன்னாள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

மறுநாள் காலையில் மருந்துக்கடையில் பத்து நிமிஷத்தில் மாத்திரை கிடைத்துவிட்டது. கன்னிவாடியில் நம்மைப் போல் வந்த குடும்பம் ஒன்று இருக்கிறது. அந்த வீட்டு அண்ணன் உறவுக் கல்யாணத்துக்காக அந்த வெள்ளிக்கிழமையே கொழும்புக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டுப் போன் செய்தேன். "மாத்திர தானம்மா, சட்டப் பையிலயே வச்சுக் கொண்டு போயிருவேன், வியாழக்கிழமை குடுத்துவிடுங்க" என்றார். அன்றைக்கே கொடுத்திருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. சட்டைப் பையில் போகிற அளவுக்கு ஒரு சின்னப் பொட்டலமா என் வீட்டிலிருந்து போவது? அவள் அன்றைக்கு ஒரு பையைத் திறந்தாளே, அதைவிடப் பெரிய பெட்டியாக அவள் வீட்டில் என்னுடையது திறக்க வேண்டும். லயத்து ஆட்கள் எல்லோரும் பார்க்க வேண்டும். வியாழக்கிழமை அவர் போன் செய்தபோது, "மாத்திர இன்னும் கெடைக்கலண்ணே, நீங்க போயிட்டு வாங்க" என்றேன். மாத்திரை அப்போது சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

அடுத்த ஆள் கிடைக்கும்வரை பெட்டியை நிரப்பினேன். பால்மா டின்கள், சோப்பு, பருப்பு, பிஸ்கட், அக்காவுக்கு இரண்டு சேலை. உன் அப்பா விற்கக் கொண்டுவந்த ஆயக்குடிக் கொய்யாவைக் கூடையில் அடுக்கிக்கொண்டே, "ஏத்தா, அந்த மனுசனுக்கு மாத்திரையில்ல கேட்டாங்க? வெரசா குடுத்துவிட வேண்டியதுதான" என்றார். "அனுப்புறதத்தான் அனுப்புறோம், ஒழுங்கா அனுப்ப வேணாமா?" என்று சண்டை போட்டேன். பால்மா டின்களை எல்லாவற்றுக்கும் மேலே, திறந்ததும் கண்ணில் படுகிறபடி அடுக்கினேன். பெட்டி போய்ச் சேருவதற்கு மூன்று நாள் முன்னால் அக்கா மகள் போன் செய்தாள். அத்தான் காலையில் முகம் கழுவப் போன இடத்தில் விழுந்துவிட்டார். உயிர் தப்பிவிட்டார். வலது பக்கம் வரவில்லை.

பேச்சு திரும்பியது. கால் ஒருவழியாகத் திரும்பியது. கை திரும்பவில்லை. அங்கே போனதும் நீ அந்த வீட்டில் சாப்பிட உட்காரும்போது அவர் இடது கையால் சோற்றைப் பிசைவதைப் பார்ப்பாய். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பேரிமரத்தடியில் நின்றவர் அவர்.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எனக்குள்ளேயே வைத்துச் செத்திருப்பேன். முடியவில்லை. பெட்டி வந்த அன்றைக்கு அக்கா போன் செய்து, பால்மாவை லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் கரைத்துக் கொடுத்தேன், என் தங்கச்சி அனுப்பியது என்று சொன்னேன் என்றாள். அவள் வீட்டுக்கு ஒரு டின்கூட வைத்துக்கொள்ளவில்லை. அது மட்டுமில்லை. இந்த மூன்று வருஷமாக ஒவ்வொரு போனிலும், "நீ அனுப்புன மாத்திரையாலதான் ரெண்டாவது தடவ வராம அவரு தப்பிச்சாரு" என்கிறாள். கோயிலில் சொல்கிறாள், கடையில் சொல்கிறாள். நீ அந்த லயத்துக்குள் நுழையும்போது, மாத்திரை அனுப்பிய தங்கச்சியின் மகள் என்று உன் கையைப் பிடித்துக்கொள்வார்கள். உன் கன்னத்தைத் தடவுவார்கள். அந்தப் பெயரை வாங்கிக்கொண்டு நீ அங்கே நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதனால்தான் போன ஞாயிற்றுக்கிழமை, நீ டவுனுக்குப் போயிருந்த நேரத்தில், அக்காவுக்கு நானே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கன்னிவாடி அண்ணன், நான் சொன்ன பொய், பெட்டி, சத்தம் கேட்கவில்லை என்று சொன்னது, எல்லாம்.

போனில் அவளுக்குப் பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"எத்தன நாளு பிந்துச்சு?" என்றாள்.

"பதிமூணு நாளுக்கா."

போனை வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

"அவருக்கு மாத்திர தீந்து ஒரு மாசம் கழிச்சுத்தான்டி நான் ஒனக்குப் போன் எடுத்தேன்" என்றாள்.

"ஏன்க்கா?"

"ஒங்கிட்டக் கேக்க மனசு வரல. ஒன்னோட மக டெல்லியில படிக்கிறா. ஒனக்கு அரசாங்க வேல. ஒங்கூடத்தான் அப்பா கடைசிவரைக்கும் இருந்தாரு, எனக்கு அவரு மொகமே மறந்துபோச்சு. எல்லாம் ஒனக்குக் குடுத்தாச்சு, இதுல மாத்திரைக்கும் நானே ஒங்கிட்டக் கையேந்தணுமான்னு தினமும் நாளைக்குக் கேப்போம் நாளைக்குக் கேப்போம்னு தள்ளுனேன்." பிறகு சொன்னாள்: "நீ எங்கிட்டச் சொல்லிட்ட தங்கச்சி. நான் அவருகிட்ட இன்னும் சொல்லல."

போனை வைத்துவிட்டாள். அவள் என்னை மன்னித்துவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை. அவள் ஒரு மாதம் தள்ளியதால் நான் தள்ளிய பதிமூன்று நாள் குறைந்துவிடாது, அதையும் தெரிந்துதான் எழுதுகிறேன். பள்ளத்தில் இருந்த நான் அவளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த அத்தனை வருஷமும், அவளும் தன் பள்ளத்திலிருந்து என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்த மனுஷனின் கை போய்விட்டது.

உன் அப்பாவிடமும் அன்று இரவே சொன்னேன். அவர் கொய்யாக் கூடைக்குச் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார். "தெரியும்த்தா" என்றார். "கன்னிவாடிக்காரர் திரும்பி வந்ததுமே எங்கிட்டச் சொன்னாரு. நீயாச் சொல்லுவன்னு இருந்தேன்." மூன்று வருஷம் ஒரு வார்த்தை கேட்காமல் என் சமையலைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

நேற்றைக்கு அக்கா மறுபடியும் போன் செய்தாள். அந்தப் பேச்சை எடுக்கவில்லை. உனக்கு முன்னறையை ஒழித்து வெள்ளையடித்துவிட்டாளாம், கொழும்பிலிருந்து லீவு கிடைக்கும்போதெல்லாம் நீ அங்கேதான் வர வேண்டுமாம். "புள்ளைக்குக் குளிருமா, சன்னலுக்குக் கீழ கட்டில போடவா வேணாமா?" என்று கேட்டாள். நீ ஜன்னலோரம்தான் படுப்பாய் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கு வந்தது அழுகையா பொறாமையா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

அங்கே போனதும் எங்கள் ஊரில் இப்படி, உங்கள் ஊரில் அப்படி என்று பேச்சை எடுக்காதே. அதை உன் கணினியோடு வைத்துக்கொள். இந்தப் பெட்டியில் நான் வைத்திருக்கும் சாமான் உனக்குத்தான், அங்கே திறந்து பரப்பக் கொடுக்கவில்லை. யாராவது உன்னிடம் உதவி கேட்டால் முதல் தடவையிலேயே காது கொடு, இரண்டாம் தடவை கேட்க வைக்காதே. அத்தான் சாப்பிடும்போது உதவப் போகாதே, அவருக்குப் பிடிக்காது என்று அக்கா மகள் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிடு. அவரிடம் இதைச் சொல்ல வேண்டியது நீ இல்லை. அதை அக்காவும் நானும் பார்த்துக்கொள்கிறோம். கோடையில் நான் ஓய்வு பெற்றதும் அங்கே வரலாம் என்றிருக்கிறேன். ரயில் நிலையத்தில் அவளை விட்டுவிட்டு வந்தவள் இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடத் திரும்பிப் போகவில்லை. போனால் அவள் வீட்டைப் பார்க்க வேண்டியிருக்குமே என்றுதான் போகவில்லை.

அக்காவின் கைச் சமையல் என்னுடையதைவிட நன்றாக இருக்கும், அது சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது என்ன சாப்பிட்டாய், எப்படி இருந்தது என்று கேட்பேன். எனக்காகக் குறைத்துச் சொல்லாதே பாப்பா. நன்றாக இருந்தால் நன்றாக இருந்தது என்றே சொல். எனக்கு எரியும். பரவாயில்லை, நீ சொல்.

உன் அம்மா